மென்பொருள் பொறியாளருக்கு அரசு உரிமம் கட்டாயம் என்ற தகவல் உண்மையல்ல

கோவை சரவணம்பட்டி, பீளமேடு பகுதி ஐ.டி. ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும், ஈரோடு, திருப்பூர் பெற்றோர் குழுக்களிலும், "மென்பொருள் பொறியாளர்கள் கட்டணம் செலுத்தி அரசு உரிமம் பெறாவிட்டால் வேலை பார்க்க முடியாது, அமெரிக்காவில் இது ஏற்கெனவே கட்டாயம்" என்றொரு தகவல் பரவுகிறது. இரண்டு கூற்றும் தவறு.

வழக்கறிஞர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டமும் கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் பதிவை வலியுறுத்துவதைப் போல, மென்பொருள் பொறியாளர்களுக்கென நம் நாட்டில் சட்டம் இயற்றப்படவில்லை, ஏ.ஐ.சி.டி.இ. தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் அமைப்பே தவிர, படித்து முடித்தவருக்குப் பணி உரிமம் வழங்கும் அமைப்பு அன்று. நடப்பிலுள்ள மத்தியச் சட்டங்களை 'இந்தியா கோட்' அரசுத் தளத்தில் எவரும் தேடிச் சரிபார்க்கலாம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1998இல் மென்பொருள் பொறியியலை உரிமத்துக்குரிய துறையாக ஏற்றது உண்மை. ஆனால் 2013இல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய அளவிலான உரிமத் தேர்வு, எழுத முன்வந்தோர் மிகக் குறைவு என்பதால் 2019இல் நிறுத்தப்பட்டது. அங்குள்ள மென்பொருள் பொறியாளர்களில் பெரும்பாலோர் இன்றும் உரிமமின்றியே பணிபுரிகின்றனர். மருத்துவமனைக் கருவிகளையும் வங்கிக் கணக்குகளையும் இயக்கும் இத்தொழிலுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் வேண்டுமா என்பது ஆழ்ந்து விவாதிக்கத்தக்க கேள்விதான். அச்சமூட்டும் பொய்த் தகவல் அந்த விவாதத்தைக் கெடுக்கிறது.

பதிவுக் கட்டணம் கேட்டு வரும் எந்த இணைப்பிலும் பணம் செலுத்தாதீர்கள். செலுத்தியிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் அளியுங்கள். இத்தகவலை மேற்கொண்டு யாருக்கும் அனுப்ப வேண்டாம்.