எது வருமானம் என்பதில்தான் சண்டையே

விளையாட்டு லீக்கின் வருமானத்தை வீரர்களும் அணி உரிமையாளர்களும் எப்படிப் பங்கிடுவது என்ற சண்டையைப் பற்றிய ஒரு கட்டுரை, 'கோடீஸ்வரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள், ரசிகனுக்கு என்ன' என்று முடிந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2011-ல் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் அணி உரிமையாளர்கள் கதவடைப்பு செய்தார்கள், அதாவது ஒப்பந்தம் ஆகும்வரை ஆட்டங்களை நிறுத்தினார்கள். வருமானத்தில் 57 சதவீதமாக இருந்த வீரர்களின் பங்கு சுமார் 50 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு அணிக்கு சீசனுக்கு 82 ஆட்டம் என்றிருந்தது 66 ஆனது. ஆட்டம் நடந்தால்தான் கூலி என்றிருக்கும் வாயில் பணியாளர், தின்பண்டம் விற்பவர், அரங்கைக் கூட்டுபவர் யாருக்கும் அந்தப் பேச்சுவார்த்தையில் நாற்காலி கிடையாது.

அப்புறம், சதவீதத்தைவிட முக்கியம் எதையெல்லாம் வருமானக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பது. டிக்கெட்டும் டிவி உரிமமும் சேரும். அணியையே விற்றால் வரும் லாபம் சேராது, அது முழுக்க உரிமையாளருக்குத்தான். அதனால்தான் அதே 2011-ல் அமெரிக்கன் ஃபுட்பால் (என்எஃப்எல் லீக்) வீரர்கள் சங்கம் பத்து ஆண்டுத் தணிக்கைக் கணக்கைக் கேட்டது. உரிமையாளர்கள் தரவில்லை. கணக்கைக் காட்டாமல் நஷ்டம் என்று சொன்னால் எப்படி நம்புவது?

காலமும் வீரர்கள் பக்கம் இல்லை. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் 2004-05 சீசன் முழுவதும் ரத்தானது. கடைசியில் ஒரு அணி மொத்தமாகத் தரும் சம்பளத்துக்கு உச்சவரம்பை ஏற்று, 24 சதவீத ஊதியக் குறைப்புக்கும் வீரர்கள் சம்மதிக்க வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு சீசன் போனால் போனதுதான். உரிமையாளருக்கு அணி அடுத்த வருடமும் இருக்கும். தணிக்கை செய்த கணக்கை முதலில் மேசையில் வைக்கட்டும், சதவீதத்தை அப்புறம் பேசலாம்.