பிளானை மாற்றும் முன் ரவுட்டரைப் பாருங்கள்
‘இணையம் மெதுவாக இருந்தால் பெரிய பிளானுக்கு மாறுங்கள்’ என்று வீட்டு இணைய வேகம் பற்றிய ஒரு கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) பிளானிலிருந்து 200க்கு மாறினேன். வீடியோ அழைப்பில் முகம் உறைந்து நிற்பது மட்டும் மாறவே இல்லை. அப்புறம் ஒருநாள் லேப்டாப்பை லேன் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகிப் பார்த்தேன், முழு வேகமும் வந்தது. ஆக, கோளாறு வைஃபையில். ரவுட்டர் இரும்பு அலமாரிக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்தது; போதாததற்கு வைஃபை ஓடியது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேறு. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் தடங்கள்) 1, 6, 11 என மூன்றுதான், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அதற்குள்ளேயே முட்டிக்கொள்ளும். தூக்கி மேசை மேல் வைத்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. (சுவர் தாண்டினால் 5 கொஞ்சம் திணறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் ‘100 எம்பிபிஎஸ் என்றார்கள், டவுன்லோடு 12தான் காட்டுகிறது, ஏமாற்று வேலை’ என்று கொதித்திருக்கிறார். பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடு திரையில் தெரிவது மெகாபைட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். நூறை எட்டால் வகுத்துப் பாருங்கள், 12.5 வரும்; உங்களுக்கு ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருக்கிறது.