பெருவிரல் புடைப்பு: சீவினால் மட்டும் போதாது

கால் பெருவிரலின் அடியில் எலும்பு புடைத்து நிற்பதற்கான அறுவை சிகிச்சையை, 'புடைப்பைச் சீவி எடுக்கும் சிறிய வேலை' என்று ஒரு மருத்துவக் கட்டுரை சுருக்கிச் சொல்லியிருப்பது சரியன்று. பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட பாத எலும்பு உட்புறமாக விலக, விரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்வதால்தான் மூட்டு துருத்துகிறது. ஆகவே பெரும்பாலும் அந்த எலும்பை வெட்டி, நேரான நிலைக்கு நகர்த்தித் திருகாணியால் பொருத்துகிறார்கள். சீவுவதோடு நிறுத்தினால் கோணல் அப்படியே இருக்கும், புடைப்பும் திரும்பக்கூடும். விலகலின் அளவை அறிய, நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் முதலில் வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவப் போவோர் பலர். வலி தணியலாம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் விலகிய எலும்பு தடவலால் நேராகாது.

அந்தக் கட்டுரை தொடாத செய்தி, அறுவைக்குப் பின்னான ஓய்வு. வெட்டிய எலும்பு ஒன்றுசேர ஏறத்தாழ 6 வாரங்களாகும், வீக்கம் வடியப் பல மாதங்களும் ஆகலாம். சரிவான தோட்டத்தில் விடியுமுன் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கு இது வருமானக் கணக்கு. இரண்டு பருவமழையும் பெய்யும் இம்மாவட்டத்தில் காலில் போட்ட கட்டு நனையாமல் காப்பதும் எளிதன்று. இலையுதிர்ந்து பால்வெட்டு நிற்கும் மாதங்களில் சிகிச்சையை வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தின் இரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் சோதித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். வலியே இல்லாதவர்கள், அழகுக்காக மட்டும் இதைச் செய்துகொள்ளத் தேவையில்லை.