கறுப்பு டியூபைத் தூக்கி எறியச் சொல்பவர்களுக்கு

"கறுப்பைத் தொடாதே, படம் செத்துடும்." ஓவிய வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே காதில் விழுகிற வசனம் இது. சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சேலை மடிப்பு, மரத்தடி நிழல், மூக்கின் ஓரம் என்று எங்கெல்லாம் இருட்டு தெரிகிறதோ அங்கெல்லாம் கறுப்பைக் கலந்து, படம் முழுக்கக் கரி பூசின மாதிரி ஆக்கிவிடும் பிள்ளைகளை அடக்க அவருக்கு அதுதான் சுருக்கு வழி. ஆனால் அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்தும் கறுப்புக்குப் பயந்து காக்காயைக்கூட ஊதாவில் வரைந்துகொண்டிருந்தால் என்ன செய்வது?

என் கட்சி இதுதான். கறுப்பும் ஒரு நிறமி. மற்ற நிறமிகளுக்கு இருக்கிற குணமும் கோளாறும் அதற்கும் உண்டு. அதை ‘இருட்டாக்கும் பொடி’ என்று நினைத்து, சாம்பாரில் உப்பு தூவுகிற மாதிரி எல்லா நிறத்திலும் தூவுவதுதான் தப்பு.

இந்தத் தடைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் இம்ப்ரெஷனிஸ்டுகள் எனப்பட்ட ஓவியர்கள் ஸ்டூடியோவை விட்டு வெயிலுக்கு வந்தபோது, நிழல் கறுப்பாக இல்லை, வானத்தின் நீலத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனித்தார்கள். வெட்டவெளி ஓவியத்துக்கு அது அருமையான கவனிப்பு. அவர்களில் ஒருவரான மோனே போகப்போக, நிறம் கலக்கும் பலகையான பேலட்டிலிருந்து கறுப்பையே ஒதுக்கினார். ஆனால் அதே கூட்டத்தோடு பழகிய மானே 1872இல் வரைந்த, சக ஓவியர் பெர்த் மொரிசோவின் உருவப்படத்தைப் பாருங்கள். தொப்பி கறுப்பு, உடை கறுப்பு. அந்தக் கறுப்புதான் முகத்தை முன்னால் தள்ளி நிறுத்துகிறது. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் பேலட்டில், அதாவது நிறத் தொகுப்பில், நாலே நிறங்கள்: வெள்ளை, யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, ஐவரி பிளாக். நீலமே கிடையாது. ஐவரி பிளாக்கில் வெள்ளை சேர்த்தால் வரும் சாம்பல் குளிர்ச்சியானது. பக்கத்தில் சிவப்பும் காவியும் இருந்தால் கண் அதை நீலம் என்றே எடுத்துக்கொள்ளும். கறுப்பை மங்கிய நீலம் என்று நினைத்துக் கையாண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்து, கடையில் போய் வெறுமனே "ஒரு பிளாக் குடுங்க" என்று கேட்காதீர்கள். டியூபின் பின்பக்கம் நிறமி எண் இருக்கும், அதைப் பாருங்கள். பி.பி.கே. (PBk) 9 என்றால் ஐவரி பிளாக். பெயரில் மட்டும்தான் தந்தம், உள்ளே இருப்பது எலும்புக் கரி. அதிலும் கார்பன் குறைவு, பெரும்பங்கு கால்சியம் பாஸ்பேட். அதனால் மற்ற நிறத்தை அது சட்டென்று விழுங்காது, கை கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். பி.பி.கே. 6, 7 என்றால் புகைக்கரி வகை, லாம்ப் பிளாக்கும் கார்பன் பிளாக்கும். அகலில் விளக்கேற்றி மேலே தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அதன் தம்பிதான். துகள் மிக நுண்மை, வீரியம் ஜாஸ்தி. குண்டூசித் தலையளவு போதும், ஒரு பட்டாணி மஞ்சளை நாசமாக்கிவிடும். பி.பி.கே. 11 என்றால் மார்ஸ் பிளாக், செயற்கை இரும்பு ஆக்சைடு. நன்றாக மூடும், வெள்ளையில் கலந்தால் லேசான பழுப்புச் சாய்வோடு சாம்பல் வரும். ஐவரி பிளாக்குக்குப் பழகிய கை லாம்ப் பிளாக்கை அதே அளவில் எடுத்தால் படம் காலி. "கறுப்பு போட்டேன், கெட்டுப்போச்சு" என்கிற புலம்பலில் ஒரு பங்கு இப்படி வருவதுதான்.

இனி, எல்லோரும் அடிபடும் இடம். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் இருண்ட மஞ்சள் வராது, ஆலிவ் பச்சை வரும். மங்கிய நீலம் என்று சொன்னோமே, அதன் வேலைதான் இது. வேப்பிலைக்கோ காய்ந்துவரும் வாழை மட்டைக்கோ இதைவிட நல்ல பச்சை டியூபில் கிடைக்காது, தாராளமாகப் பயன்படுத்துங்கள். எலுமிச்சம்பழத்தின் நிழல் பக்கத்துக்குப் போட்டால் மட்டும் பழம் பூசணம் பிடித்த மாதிரி ஆகும். அங்கே மஞ்சளைக் கைவிட வேண்டாம், கறுப்பையும் கைவிட வேண்டாம். கலவையில் துளி பர்ன்ட் சியென்னா என்ற செம்பழுப்போ ஆரஞ்சோ சேருங்கள், பச்சை அடங்கி நிறம் மஞ்சளுக்கே திரும்பும். சிவப்பில் கறுப்பைக் கலந்தால் ஊதா கலந்த மங்கல் பழுப்புக்கு இழுக்கும், அதற்கும் கொஞ்சம் ஆரஞ்சுதான் மருந்து. நீலத்தில் பெரிய வம்பில்லை. ஆக, நிறம் எந்தத் திசையில் நழுவுகிறது என்று பார்த்து எதிர்த் திசையில் ஒரு சிட்டிகை. இந்தத் திருத்தத்தைச் சொல்லிக்கொடுக்காமல் டியூபை எறியச் சொல்வது, கறிவேப்பிலையில் ஈர்க்கு இருக்கிறது என்று தாளிப்பையே விடுவது போல.

சரி, கறுப்பு டியூப் இல்லாமல் கறுப்பைக் கலக்குவது எப்படி? அதுவும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். எல்லா மீடியத்திலும் கைகொடுக்கிற ஜோடி அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும். இரண்டையும் பட்டாணி அளவு எடுத்து, பேலட் நைஃபால் (நிறம் கலக்கும் தட்டைக் கத்தி) கோடு மறைகிற வரை தேயுங்கள். பேலட்டில் பார்த்தால் கறுப்பாகத்தான் இருக்கும், எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் பலர் "வந்துடுச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். அதிலிருந்து அரிசி அளவு கிள்ளி, தனியாக ஒரு பட்டாணி வெள்ளையோடு சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நீலமாக இருந்தால் அம்பர் போதவில்லை. மண் நிறமாக இருந்தால் அல்ட்ராமரைன் போதவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் மாறுவதால் விகிதத்தை மனப்பாடம் செய்து பயனில்லை, இந்தச் சோதனையைப் பழகிக்கொள்ளுங்கள். வாட்டர்கலரில் வெள்ளை வேண்டாம், அதே கலவையைத் தண்ணீரில் நீர்த்துக் காகித ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

நடுநிலையான கறுப்பு கிடைத்ததும் அதை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். ஒன்றில் நீலத்தைக் கொஞ்சம் ஏற்றுங்கள், இன்னொன்றில் பழுப்பை. கலந்த கறுப்பின் லாபமே இந்த இரண்டு குவியல்தான். ஒரே இருட்டுக்குள் குளிர்ந்த பகுதியும் சூடான பகுதியும் அடுத்தடுத்து வந்தால் அங்கே ஆழம் தெரியும். முழுக்க நடுநிலையாக்கி ஒரே சீராகப் பூசினால், அதற்கு டியூப் கறுப்பே மேல், உழைப்பாவது மிச்சம்.

இதைவிடக் கன்னங்கரேலென்று வேண்டுமானால் தாலோ கிரீன் என்ற பச்சையும் அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பும். தாலோ ஒரு ராட்சசன். சிவப்பைப் பெரிய குவியலாக வைத்து, பச்சையை நைஃப் முனையில் தொட்டுத் தொட்டுச் சேருங்கள், தலைகீழாகச் செய்தால் டியூப் சிவப்பு முழுக்கத் தீர்ந்தாலும் பச்சை அடங்காது. நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆரம்பிக்கலாம். ஒரு எச்சரிக்கை. அசல் அலிசரின் கிரிம்சன், அதாவது பி.ஆர். (PR) 83, ஒளியில் வெளுக்கும் நிறமி. கெட்டியாக இருக்கிற இடத்தில் தாக்குப்பிடிக்கும், மெல்லிய பூச்சிலும் வெள்ளை கலந்த சாம்பலிலும் முதலில் அதுதான் ஓடும். சிவப்பு ஓடிவிட்டால் மிஞ்சுவது பச்சை. அதனால் டியூபில் ‘பெர்மனென்ட் அலிசரின்’ என்று போட்டு, பின்னால் பி.ஆர். 177 போன்ற வேறு எண் இருப்பதை வாங்குங்கள்.

"நீலத்தையும் பழுப்பையும் கலந்தேன், கறுப்பே வரல, சேறுதான் வந்தது" என்பவர்களின் பேலட்டைப் பார்த்தால் பெரும்பாலும் செருலியன் நீலமோ யெல்லோ ஆக்கரோ காட்மியம் மஞ்சளோ சிவப்போ உள்ளே நுழைந்திருக்கும். இவை மூடுகிற நிறங்கள். மேல்பரப்பிலேயே ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும், உள்ளே விடாது. இருட்டு வேண்டுமென்றால் ஒளி உள்ளே போய்த் தொலைய வேண்டும். அல்ட்ராமரைன், தாலோ, அலிசரின், பர்ன்ட் சியென்னா போன்ற ஒளி ஊடுருவும் நிறங்கள்தான் அதற்கு லாயக்கு. செருலியனை எத்தனை பழுப்போடு சேர்த்தாலும் மோர்க்குழம்பு வரும், கறுப்பு வராது. வெள்ளை பட்ட பிரஷை அலசாமல் இருட்டுக்குள் விடுவதும் இதே கதைதான். இரண்டு நிறமி, மிஞ்சிப்போனால் மூன்று. நாலாவது சேரும்போது நிறுத்திவிட்டு, புதிதாகக் கலந்துவிடுங்கள்.

தோல் நிறத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். கடைகளில் ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று விற்கும் வெளிர் ரோஜா நிறத்தை எடுத்து, அதில் கறுப்பைக் கலந்து நம்மூர் ஆட்களை வரையச் சொல்கிற பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வெள்ளை நிறைய, கறுப்பு சேர்ந்ததும் சாம்பல். மனிதர் உயிரோடிருப்பது போலவே இருக்காது. கருந்தோலை வெளிர்நிறத்திலிருந்து இருட்டாக்கிக்கொண்டு வரக்கூடாது. இருட்டிலிருந்து மேலே ஏறி வர வேண்டும். அடிப்படை, பர்ன்ட் சியென்னாவும் அல்ட்ராமரைனும், பழுப்பு தூக்கலாக. நிழலுக்கு அதே கலவையில் கிரிம்சனும் நீலமும் கூடுதலாக. வெளிச்சம் படும் பகுதிக்கு வெள்ளையை எடுக்காமல் முதலில் யெல்லோ ஆக்கரும் ஆரஞ்சும். கடைசியாக நெற்றி, மூக்குத்தண்டு, தோள்பட்டை பளபளக்கும் இடங்களைக் கவனியுங்கள். திறந்த வெளியில் அங்கே தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு, தோலின் சொந்த நிறமில்லை. அந்தப் பளபளப்புக்கு ஐவரி பிளாக்கும் வெள்ளையும் கலந்த நீலச் சாம்பல் கச்சிதமாகப் பொருந்தும். கருந்தோலை வரையும்போது கறுப்பு டியூப் உதவுவது நிழலில் அல்ல, வெளிச்சத்தில்!

எண்ணெய் தடவிய கருங்கூந்தலுக்கும் இதே கணக்கு. முழுக்கக் கறுப்பைப் பூசிவிட்டு மேலே வெள்ளைக் கோடு கிழித்தால் பிளாஸ்டிக் விக். கூந்தலை முதலில் ஒரு நடுத்தர இருட்டில், நீலம் சாய்ந்த கலவையில், கொத்துக்கொத்தாக நிரப்புங்கள். ஆழ்ந்த கறுப்பை மூன்று இடத்துக்கு மட்டும் மிச்சம் வையுங்கள்: காதின் பின்புறம், கழுத்தோரம், பின்னல் ஒன்றன்கீழ் ஒன்று நுழையும் பொந்து. நெற்றியை ஒட்டிய ஓரத்தை ஈரம் காய்வதற்குள் தோல் நிறத்தோடு உரசிக் கலந்துவிடுங்கள். அங்கே கூர்மையான விளிம்பு விட்டால் முடி தலையில் முளைத்ததாகத் தெரியாது, தொப்பி வைத்த மாதிரி இருக்கும்.

வாட்டர்கலர்காரர்களுக்கு ஒரே ஒரு விஷயம், பதம். இருட்டு வராததற்கு நிறத்தைக் குறை சொல்கிறார்கள், குற்றம் தண்ணீரில். நீர்மோர் பதத்தில் ஆறு தடவை பூசினால் கீழ்ப்பூச்சு கிளம்பிக் கலங்கும், ஆழம் வராது. தயிர் பதத்தில் கலந்து ஒரே தடவையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். காய்ந்தால் கொஞ்சம் வெளுக்கும், அதனால் தேவைக்கு ஒரு படி கூடுதலாக. அக்ரிலிக்கில் நேர் எதிர்: ஈரத்தில் பசை பால் போல இருப்பதால் நிறம் வெளிறித் தெரியும், காய்ந்ததும் இருளும். நடுத்தர இருட்டு என்று நினைத்து வைத்தது மறுநாள் கறுப்பாக நிற்கும்.

ஆயிலில் வேறு தலைவலி. ஐவரி பிளாக் நிறைய எண்ணெய் குடிக்கும், மெதுவாகக் காயும். அதை அடியில் கெட்டியாகப் பூசி, மேலே டர்பன்டைன் அதிகம் கலந்த, சீக்கிரம் காய்கிற பூச்சை விட்டால் பின்னால் வெடிப்பு நிச்சயம். அடிப்பூச்சில் இருட்டு வேண்டுமென்றால் அம்பர் கலவைதான் பத்திரம். அம்பரில் இருக்கும் மாங்கனீஸ் எண்ணெயைச் சீக்கிரம் காயவைக்கும்.

இன்னொன்று, கேன்வாஸ் எண்ணெயை உறிஞ்சிவிட்டால் இருட்டுப் பகுதிகள் பளபளப்பிழந்து சாம்பல் பூத்து நிற்கும். நிறமி எங்கும் போய்விடவில்லை. சொரசொரப்பான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் கறுப்பு வெளிறித் தெரிகிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்துப் பதறி மேலே இன்னொரு கோட் கறுப்பு அடிப்பவர்கள் உண்டு. அதுவும் உறிஞ்சப்படும், மறுபடி சாம்பல் பூக்கும், மறுபடி ஒரு கோட். பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு, லின்சீட் ஆயிலில் (ஆளிவிதை எண்ணெய்) கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, பஞ்சில் தொட்டு மங்கிய இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்து, நூல் பிரியாத துணியால் மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். துடைத்த பஞ்சையும் துணியையும் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், லின்சீட் ஊறிய துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயவைத்துத்தான் குப்பைக்கு. பிறகு வந்து படத்தைப் பாருங்கள், முந்தாநாள் வைத்த அதே கறுப்பு அங்கேயேதான் இருக்கும்.