"வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்"

நேற்று ராத்திரி எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் ஒரு படம் போட்டிருந்தான். வழிப்பறி வழக்கில் பிடிபட்ட பையன், ஆஸ்பத்திரிக் கட்டிலில். வலது கையிலும் இடது காலிலும் மாவுக்கட்டு. கீழே "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாராம்" என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஏழு. வீட்டுப் பெரியவர்கள் வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள்.

நான் பழனி மலையில் பிறந்து, இங்கேயே அரசு ஆஸ்பத்திரிகளில் 28 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். வழுக்குவதைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா? ஐப்பசியில் மழை பிடித்தால் கொடைக்கானலில் வாசல்படிகூடப் பாசி பிடித்துக் கிடக்கும். பூண்டு மூட்டை சுமக்கிறவர், விறகுக்குப் போன கிழவி, செல்ஃபி எடுக்கப் போன சுற்றுலாக்காரர் என்று எல்லாரும் வழுக்கி விழுந்து வந்திருக்கிறார்கள். மணிக்கட்டு போகும், கணுக்கால் பிசகும், முட்டி சிராய்க்கும். வழுக்கி விழுந்து இரண்டு உள்ளங்காலும் கன்றிப்போன ஆளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

எந்த ஊர், எந்த வருஷம் என்று சொல்லப் போவதில்லை. ராத்திரி பதினொன்றரை இருக்கும். ரிமாண்டுக்கு முன்னால் உடல் தகுதி பார்க்க எங்கள் மலைப் பழங்குடியான பளியர் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். இருபது வயசு இருந்தால் அதிகம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தக் குளிரில் வெறும் சிமெண்டுத் தரையில், பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி ஊன்றி நடந்தான். டாக்டர் பிரஷர் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" கூட வந்த இரண்டு பேரும் கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றார்கள். பையன் என்னைப் பார்த்துச் சொன்னான்: "வழுக்கி விழுந்துட்டேன் சிஸ்டர்."

செங்குத்துப் பாறையில் கொடியைப் பிடித்துத் தொங்கித் தேன் எடுக்கிற சனம் அது.

"வெளிக்காயம் ஏதும் இல்லை" என்று எழுதினார்கள். ரிஜிஸ்டரை எடுத்து நீட்டியது நான். பேனாவும் என்னுடையதுதான்.

உள்ளங்காலில் லத்தியால் அடிப்பதற்கு ஸ்டேஷன் பாஷையில் லாடம் கட்டுவது என்று பேர். சட்டையைக் கழற்றிப் பார்க்கிற டாக்டர்கூட பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அடிக்கிறவருக்கு அது தெரியும்.

சட்டத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லாமல் இல்லை. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 11 கட்டளைகள் போட்டது. வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவுப்படி காயத்தையும், அது ஏறக்குறைய எப்போது பட்டது என்பதையும் டாக்டர் எழுதி, நகலைக் கைதானவரிடமோ அவர் சொல்கிற ஆளிடமோ கொடுக்க வேண்டும். பழைய சட்டத்திலும் இது இருந்தது. அந்த நகலோடு வெளியே போன ஒரு ஆளையாவது என் சர்வீசில் பார்த்ததில்லை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் மலையில் அந்த ஒரு வரிக்குள் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம்: மரம் விழுந்தது, மண் சரிந்தது, பனிமூட்டம், ஜீப் ரிப்பேர்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஸ்டேஷனில் அடிபட்டு இறந்துபோன அப்பாவும் மகனுமான ஜெயராஜும் பென்னிக்ஸும் ஒரு டாக்டரையும் ஒரு மாஜிஸ்திரேட்டையும் தாண்டித்தான் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். ஸ்டேஷனில் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி வைத்திருந்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் குரலும் பதிவாகிற கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். ஜீப்புக்குள் நடப்பதை அது பார்க்காது.

வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் தனிக் கதை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் 50ஆம் பிரிவில், உதவி வனப் பாதுகாவலர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்கிற சாட்சியம் செல்லும். 2013இல் எங்கள் காடுகள் சரணாலயமான பிறகு இது எனக்கு வெறும் புத்தக விஷயமாகத் தெரியவில்லை. வாயைத் திறக்க வைத்தால் வழக்கு முடியும் என்றால், கை நீளத்தான் பார்க்கும்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்துப் போட்ட நம் நாடு அதை இன்னும் உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா அப்படியே காலாவதியானது. டெல்லிக் கதை, விடுங்கள்.

அந்தப் பையனுக்கு அப்புறம் நான் ஒரு வேலை பழகிக்கொண்டேன். யாரைக் கூட்டி வந்தாலும் கூட வந்தவர்களிடம், "டாக்டர் வர நேரமாகும் சார், எதிர்க்கடையில டீ குடிச்சுட்டு வாங்க, கதவைச் சாத்திக்கிறேன்" என்பேன். கொடைக்கானல் குளிருக்கு முக்கால்வாசிப் பேர் போய்விடுவார்கள். போகாதவர்களைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். முதலில் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பார்த்ததை டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது காயங்களைப் பதிகிற விபத்துப் பதிவேட்டில், ஏற்ற வைப்பேன். சில டாக்டர்கள் முறைப்பார்கள். ஒருவர் மட்டும் "நல்லதும்மா" என்றார்.

குழுவில் இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். "அத்தை, அவன் திருடன் அத்தை" என்று பதில் வந்தது. இருக்கலாம். அந்தப் பளியர் பையன் என்ன செய்தான் என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. "காவலில் இருக்கிறவனைக் கட்டிலில் படுக்க வைத்து இந்தப் படத்தை எடுத்தது யாருடா?" என்று கேட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. காலையிலிருந்து பதில் இல்லை.