பிச்சாவரத்தில் தரை தட்டிய படகு

போன மாதம் சிதம்பரம் பக்கத்தில் இருக்கிற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தோம். கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு விடணும், மோட்டார் படகைக் கூட்டணும், சவாரிக்கு இன்னும் நாலு வாய்க்காலைத் திறந்துவிடணும் என்று கூட வந்த நண்பர் வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார். கயாக் சரி. மற்ற இரண்டும் எனக்கு ஒப்பவில்லை.

துடுப்புப் படகில் சின்ன வாய்க்காலுக்குள் நுழைந்தபோது தண்ணீர் வடிகிற நேரம். சுரபுன்னை மரங்களின் முட்டு வேர்கள் இருபுறமும் சேற்றோடு தெரிந்தன. ஓரிடத்தில் படகு தரை தட்டி நின்றுவிட்டது. படகுக்கார அண்ணன் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, முழங்கால் சேற்றில் இறங்கித் தள்ளினார். "முன்னெல்லாம் இங்க இடுப்பளவு தண்ணி நிக்கும் சார்" என்றார். பக்கத்தில் வெண்கண்டலின் மூச்சு வேர்கள், பென்சில் நட்டு வைத்த மாதிரி. அதில் ஒன்றுக்கு யாரோ தின்று போட்ட சிப்ஸ் பாக்கெட் தொப்பியாகியிருந்தது.

வாய்க்கால் தூர்ந்தால் நமக்குப் படகு சவாரி போகும். காட்டுக்கு உயிரே போகும். இது ஏற்கெனவே நடந்த கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கி 1970கள் வரை இங்கே மரங்களைக் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து, தரை அமுங்கித் தொட்டி போலானது. கடல் ஏற்றத்தில் உள்ளே வந்த நீருக்குத் திரும்பிப் போக வழியில்லை. தேங்கி, வற்றி, உப்பு ஏறி, கன்று எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் நடுவே ஒரு வாய்க்கால், அதிலிருந்து கிளைகள் என்று வெட்டித் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்தார்கள். ஓரங்களில் நட்ட கண்டல் பிழைத்தது. ஆனால் கிளைகளில் சேறு படிந்துகொண்டே இருக்கும். வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதனால் என் கட்சி இதுதான்: படகுச் சீட்டுக் காசில் ஒரு பங்கை அந்தத் தூர்வாரலுக்கென்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு, எந்த வாய்க்காலுக்கு என்று படகுத்துறையிலேயே எழுதிப் போடட்டும். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்போடு நிற்கட்டும். குறுகிய வாய்க்காலில் அதன் அலை கரையைத்தான் அரிக்கும். உள்வாய்க்கால்களில் இருளர்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அங்கே நமக்கென்ன வேலை?

2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பிச்சாவரத்துக்கு இடம் கிடைத்தது, சந்தோஷம். அப்புறம் இன்னொன்று: தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று சீட்டு கொடுக்கிற இடத்தில் ஒரு கரும்பலகை வைத்தால், அந்த அண்ணன் சேற்றில் இறங்க வேண்டியிருக்காது.