தரகரும் வேண்டாமாம், பத்திரமும் வேண்டாமாம்

92 லட்சத்துக்குப் பேசி முடித்த வீட்டுக்கு இன்று காலை 97 லட்சம் கேட்கிறார் அதன் உரிமையாளர். விலையை ஏற்றியதைவிட அதற்கு அவர் சொன்ன காரணம்தான் நெஞ்சை எரிக்கிறது. "தரகர் இல்லாமல் வாங்குகிறீர்கள், தரகுப் பணம் உங்களுக்கு மிச்சம்தானே தம்பி, அதை எனக்குக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்கிறார். எங்கள் பகுதியில் தரகு ஒரு சதவீதம். 92 லட்சத்துக்கு 92,000 ரூபாய். எனக்கு 92,000 மிச்சமாவதால் அவருக்கு ஐந்து லட்சம் தர வேண்டும் என்பது எந்த ஊர்க் கணக்கு? தரகர் இல்லாததால் அவருக்கும் அதே 92,000 மிச்சமாகிறதே, அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

நேரடியாக வீடு வாங்க அலைந்தவர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது. "உரிமையாளர் நேரடி விற்பனை, தரகர்கள் அழைக்க வேண்டாம்" என்ற பலகையை நம்பி அழைத்தால் பெரும்பாலும் எடுப்பவரே தரகர்தான். தப்பித் தவறி உண்மையான உரிமையாளர் எடுத்துவிட்டால், அவரோடு படும் பாட்டுக்குத் தரகரே மேல் என்று தோன்றிவிடுகிறது.

இந்த வீடு சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூரில் இருக்கிறது. அரை கிரவுண்டு மனை. மேல்தளம் திட்ட அனுமதி இல்லாமல் பிற்பாடு எழுப்பியது என்பதை அவர் சொல்லவில்லை, வங்கியின் மதிப்பீட்டாளர்தான் கண்டுபிடித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆவணங்களைக் கேட்கப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காப்பி கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், மிகவும் பணிவாகத்தான், "சார், மூலப்பத்திர நகலும் பட்டாவும் கொடுத்தால் வக்கீலிடம் காட்டிவிடுவேன்" என்றேன். முகம் மாறிவிட்டது. "எங்களைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர்கள் மாதிரியா தெரிகிறது? இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றார். தெருவில் கேட்டுவிட்டு 92 லட்சத்தை எண்ணி வைக்க முடியுமா? சரி, பத்திர எண்ணையும் பதிவான ஆண்டையுமாவது சொல்லுங்கள், வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எண்ணைக் கொடுத்தால் யாராவது போலிப் பத்திரம் தயாரித்துவிடுவார்களாம். அதே இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் வில்லங்க விவரத்தைப் பார்க்கலாம் என்று விளக்கினேன். "இதற்காகத்தான் தம்பி நான் தரகரே வேண்டாம் என்றேன், அவர்களும் இப்படித்தான் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள்" என்று பதில் வந்தது. கேள்வியே கேட்காத ஆள் வேண்டும் என்றுதான் அந்தப் பலகையை மாட்டியிருக்கிறார் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கியது.

நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு ஒரு நெகிழிப் பை வந்தது. அதில் மங்கிப்போன நகல் ஒன்று இருந்தது, அதிலும் சொத்து விவரம் எழுதிய பக்கத்தைக் காணவில்லை. அசல் எங்கே என்றதற்கு வங்கியில் பத்திரமாக இருக்கிறது என்றார். லாக்கரிலா என்று கேட்டேன். கடனுக்கு ஈடாக இருக்கிறதாம். அடமானத்தில் இருப்பதைச் சொல்லாமல் விலை பேசிய மனிதர், அதைச் சொல்லும்போது குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "நீங்கள் முன்பணம் கொடுத்தால் அதை வைத்து மீட்டுவிடுவேன், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார்.

பட்டா அவருடைய தந்தையின் பெயரில் இருந்தது. தந்தை எப்போதோ காலமாகிவிட்டார், உயில் எழுதவில்லை. தாயும் அப்படியே. உடன்பிறந்தவர்கள் யாரேனும் உண்டா என்று கேட்டேன். ஒரு தங்கை, திருப்பூரில் இருக்கிறார். அவரும் கையெழுத்துப் போடுவார்தானே என்ற கேள்விக்கு வந்த பதிலை இங்கே எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது: "அவளுக்கு எதற்கு? அப்போதே நாற்பது பவுன் போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்று."

தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு உரிமை உண்டா என்று பிற்காலத்தில் எத்தனையோ வாதங்கள் நடந்து, 2005இல் சட்டத்திருத்தமும் வந்தது. இங்கே அந்த வாதத்துக்கே இடமில்லை. இவர் விற்கக் கிளம்பிய வீட்டில் பாதி இவருடையதே அல்ல. தங்கையோடு பேச்சுவார்த்தை இல்லையாம், பேத்தியின் காதுகுத்துக்கு முறையாக அழைக்கவில்லையாம். அந்தச் சண்டையைத் தீர்த்து, தங்கை தம் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்குவது அவருடைய வேலை. அவர் என்னிடம், "நீங்கள் போய்ப் பேசிப் பாருங்கள், வெளியாள் கேட்டால் போட்டுவிடுவாள்" என்கிறார். ஒரு பெண்ணின் பங்கை நகையோடு கழித்துக்கட்டிவிட்டு, அதற்கு அவளிடமே போய்க் கையெழுத்து வாங்கும் பொறுப்பை வீடு வாங்க வந்தவன் தலையில் கட்டுகிறவரை என்ன சொல்வது?

இத்தனைக்கும் மேலே பணப் பேச்சு. பத்திரத்தில் 60 லட்சம் போட்டுக்கொள்ளலாம், மீதி 32 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 92 லட்சத்துக்கு 8.28 லட்சம் கட்டுவதற்குப் பதிலாக 5.40 லட்சத்தோடு முடித்துக்கொள்ளலாமே என்று எனக்கு நன்மை செய்வதைப் போலவே பேசினார். மாதச் சம்பளக்காரன் 32 லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவான்? வங்கி எனக்கு விலையில் 80 சதவீதம்தான் கடன் தரும், அதுவும் பத்திரத்தில் எழுதிய விலைக்கு. 92 லட்சம் என்று எழுதினால் 73.60 லட்சம் கிடைக்கும், 60 லட்சம் என்று எழுதினால் 48 லட்சத்தோடு நின்றுவிடும். பிற்பாடு நான் இந்த வீட்டை விற்றால் வாங்கிய விலை 60 லட்சம் என்றே கணக்காகி, இவர் இன்று தப்பிக்கும் வரியும் என் தலையில் விழும். வீடு விற்பவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது, மீறி வாங்கினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம் என்று சொன்னபோது, "ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்று கையை விரித்தார்.

அடுத்தது டிடிஎஸ். 50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள வீட்டை வாங்குபவர் ஒரு சதவீதத்தைப் பிடித்து, விற்பவரின் பான் எண்ணில் வருமானவரித் துறைக்குக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வட்டியும் தண்டமும் வாங்குபவருக்குத்தான். 92 லட்சத்தில் அது 92,000 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டதும், "தரகு கிடையாது என்று சொல்லிவிட்டுத் தரகுக் காசை என்னிடமே பிடிக்கிறீர்களே" என்று குதித்தார். இது உங்கள் பெயரில் கட்டும் வரி, உங்கள் கணக்கில்தான் வரவாகும், கூடுதலாக இருந்தால் திரும்பக் கிடைக்கும் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறவில்லை. இன்று காலை கேட்ட ஐந்து லட்சத்துக்கும் இந்த 92,000தான் தொடக்கம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

தரகர்களை நல்லவர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பொய் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒழுங்கான தரகர் என்றால் விலை பேசும் முன்பே தங்கையின் கையெழுத்து உண்டா என்று கேட்டிருப்பார். தரகரை விலக்குகிற உரிமையாளர் அவர் செய்யும் வேலையைத் தாம் செய்ய வேண்டாமா? பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, வங்கியிலிருந்து அசலை மீட்பது என்று ஒன்றையும் செய்யாமல், பலகையை மட்டும் மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் நேரடி விற்பனையா? அலைச்சல் முழுவதும் எனக்கு, மிச்சம் முழுவதும் அவருக்கு. வக்கீல் கட்டணமும் வங்கியின் பரிசீலனைக் கட்டணமும் என் பையிலிருந்து போயின. அவற்றுக்கு என்ன பதில் என்று காலையில் கேட்டதற்கு, "உங்களை யார் அவ்வளவு ஆழமாகப் பார்க்கச் சொன்னது?" என்கிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. இன்னொருவர் வீடு பார்க்க வருகிறாராம், நேரடியாகத்தானாம். என் வக்கீல் எழுதிக் கொடுத்த சட்டக் கருத்துரையை அனுப்பி வைத்தால் அவரிடம் காட்ட வசதியாக இருக்குமாம். நான் பணம் கொடுத்து எழுதி வாங்கிய காகிதத்தைக் காட்டி அடுத்தவரிடம் 97 லட்சம் கேட்கப் போகிறார். அனுப்ப மாட்டேன். அந்த இன்னொருவர் யாராக இருந்தாலும், சேலையூரில் அப்படியொரு பலகையைப் பார்த்து உள்ளே போனால், காப்பியைக் கையில் வாங்கும் முன்பே திருப்பூரில் இருக்கும் தங்கை கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுவிடுங்கள்.